எந்த நிறம் எடுக்கும்?

"மூஞ்சியக் கழுவிட்டு வா" என்று நான்தான் சொன்னேன்.

ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள். திருச்சியில் ஒரு தெருமுனை நாடகத்துக்காகப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். கொள்ளிடத்துக்கு அந்தாண்டை ஒரு சேரியிலிருந்து வந்து கல்லூரியில் படிக்கிறவள். மாலை நேரத்தில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலை. அன்றைக்குக் கடையிலிருந்து நேரே வந்தாள். இரண்டு இமையிலும் செம்பு நிறத்தில் ஐ ஷேடோ பூசி, ஓரத்தில் மயில்கழுத்துப் பச்சையை லேசாக இழுத்துவிட்டிருந்தாள். நல்ல கறுப்பு அவள். அந்தக் கறுப்பில் அது எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பூசியிருக்கிறாள் என்பதை மட்டும்தான் பார்த்தேன். கூலிக்காரப் பெண்ணாக நடிக்க வேண்டியவள் இப்படி வந்து நிற்கிறாளே என்று எரிச்சல். "இது என்ன சினிமாவா?" என்று எட்டுப் பேருக்கு முன்னால் கேட்டேன். பிறகுதான் கழுவச் சொன்னேன்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. தெருக்குழாயில் கழுவிவிட்டு வந்தாள். தண்ணிக்கு அது முழுசாகப் போகவில்லை. இமை மடிப்பில் கொஞ்சம் செம்பு மினுங்கிக்கொண்டே இருந்தது. நன்றாகத்தான் நடித்தாள். எல்லாம் முடிந்து பறைகளைக் கட்டி வைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்:

"அக்கா, எங்க அப்பாயி ஊர்த்தெரு வழியாப் போறப்ப தலையில இருக்கிற பூவ எடுத்து மடியில கட்டிக்கிட்டுத்தான் போவுமாம். தெருவத் தாண்டினதும் மறுபடி வச்சுக்குமாம். நீங்க இன்னைக்குக் கழுவிட்டு வரச் சொன்னது எனக்கு அதே மாதிரி இருந்துச்சு. ரெண்டுக்கும் என்னக்கா வித்தியாசம்?"

பாத்திரத்துக்குப் பொருந்தாது, அதனால் சொன்னேன் என்று தப்பித்துக்கொண்டேன். அது பாதிப் பொய். நாடகம் இல்லாத நாளாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சொல்லத் தெரியாத பதிலை இப்போது எழுதிப் பார்க்கிறேன். கறுப்புத் தோலுக்கு இமையில் எந்த நிறம் எடுக்கும் என்பதெல்லாம் இந்த மாதிரி ஒரு இதழில் எழுதுகிற விஷயமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நானும் சுளித்தவள்தான்.

2

முதலில் அந்த அப்பாயியின் பூ.

1930 டிசம்பரில் ராமநாதபுரத்துப் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜே.எச். ஹட்டன் தன்னுடைய சாதி பற்றிய புத்தகத்தில் அந்தப் பட்டியலைத் தந்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. பெண்கள் மார்பை மூடக்கூடாது. பெண்கள் பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. ஹட்டன் 'சாஃப்ரன்' என்று எழுதுகிறார். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் நம்மூர் மஞ்சளைத்தான் அப்படிச் சொல்வார்கள். மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளை போனது. மறுவருஷம் ஜூனில் தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின.

அந்தப் பட்டியலைப் படிக்கிறபோது ஒன்று புரிகிறது. நிலமும் கூலியும் கையில் வைத்திருந்தவர்கள், நம் பெண்ணின் கூந்தலில் இருக்கிற ஒரு முழம் பூவைக் கண்டு பயந்திருக்கிறார்கள். பூ வைத்தவள் தன்னைத் தானே ஒரு பொருட்டாக நினைக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். பசிக்கிற வயிறு கேட்டால் 'போடலாம், போடாமலிருக்கலாம்' என்று அவர்கள் முடிவெடுத்துக்கொள்ளலாம். தன்னை அழகுபடுத்திக்கொண்டவள் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை. அவர்களுக்கு ஆகாமல் போனது அதுதான்.

அம்பேத்கருக்கு இது தெரிந்திருந்தது. 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் பெண்களைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். தீண்டத்தகாதவள் என்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கிற மாதிரி சேலை கட்டாதீர்கள், மற்ற பெண்கள் கட்டுவது போலக் கட்டுங்கள். கழுத்திலும் கையிலும் சுமக்கிற அந்த அடையாள நகைகளைக் கழற்றிப் போடுங்கள். கந்தலானாலும் துவைத்துக் கட்டுங்கள் என்றார். ராமநாதபுரத்தில் நகை போடாதே என்றது ஆதிக்கம். மகாத்தில் அந்த நகையைக் கழற்று என்றது விடுதலை. ஒன்றுக்கொன்று நேர் எதிர் மாதிரித் தோன்றும். ஆனால் இரண்டு இடத்திலும் பிரச்சனை ஒன்றுதான்: உன் உடம்பின் மேல் எது இருக்க வேண்டும் என்று யார் தீர்மானிப்பது?

இது பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2012 நவம்பரில் தர்மபுரியில் நத்தம் காலனி எரிந்தபோது, தலித் பையன்கள் ஜீன்ஸ் போட்டுக் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். கண்ணில் மாட்டின ஒரு கறுப்புக் கண்ணாடிகூடக் குற்றப்பத்திரிகையில் ஏறியது.

அப்படியானால் அந்தத் தங்கச்சி கேட்டது சரியான கேள்வி. ஊர்த்தெருவில் 'பூவை எடு' என்றவனுக்கும் 'மூஞ்சியைக் கழுவு' என்ற எனக்கும் நோக்கம் வேறு வேறாக இருக்கலாம். அவள் முகத்தின் மேல் எனக்கு இருப்பதாக நான் நினைத்துக்கொண்ட அதிகாரம் ஒன்றுதான்.

3

தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "இதெல்லாம் நுகர்வுப் பண்பாடு. முதலாளித்துவம் நம்ம பொண்ணுங்க மூஞ்சியில கடைவிரிக்குது" என்றார். அவர் மீசைக்கு மாதம் ரெண்டு தடவை டை அடிக்கிறவர். மேடை ஏறுகிற நாளில் கறுப்புச் சட்டையை இஸ்திரி போடாமல் போட மாட்டார். அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. அவரை யாரும் குழாயடிக்கு அனுப்பியதில்லை என்பதைத்தான் சொல்கிறேன். இயக்கத்தில் ஆண் எடுப்பாக வந்தால் அது கம்பீரம். பெண் எடுப்பாக வந்தால் ஆடம்பரம்.

ஆனாலும் அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அவர் சரியான இடத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஐ ஷேடோவில் மினுமினுப்பது காக்காப்பொன். அப்பிரகம் என்றும் சொல்வோம். ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடி மாவட்டங்களில் கைவிடப்பட்ட சுரங்கப் பொந்துகளில் இறங்கி அதைப் பொறுக்கியெடுக்கிறவர்களில் குழந்தைகள் இருக்கிறார்கள். தலித், ஆதிவாசிக் குழந்தைகள். மண் சரிந்து அவர்கள் செத்துப்போவதும் அந்தச் சாவுகளை மறைப்பதும் 2016இல் பத்திரிகையில் வெளியானது. தோழர் இதைக் கேட்டிருந்தால் தலைகுனிந்திருப்பேன். அந்தக் கேள்வியை நான் அந்தத் தங்கச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப மினுங்காத கலராப் பூசலாம்க்கா, மேட்னு இருக்கு. எல்லா டப்பாவுலயும் அது இருக்காதுன்னு சொல்ல முடியாது, ஆனா பாத்து வாங்கலாம்" என்றாள். பூசுவதா வேண்டாமா என்று அவளே யோசிக்கிறாள். கழுவச் சொல்வதைவிட இப்படிச் சேர்ந்து யோசிப்பது எவ்வளவோ மேல் என்று அப்போது தோன்றியது.

4

அவளுடைய அக்காளுக்குப் போன வருஷம் கல்யாணம். ஸ்ரீரங்கத்தில் ஒரு அழகு நிலையத்தில் அலங்காரத்துக்குச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் நானும் கூடப் போனேன். ஒண்ணாம் நம்பர் பஸ் ஓடத் தொடங்காத நேரம், ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டினோம். ரெண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தவளைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். இமையில் ரோஸ் கலர் பூசி, அது அவள் தோலில் சாம்பலாக நின்றது. அலங்காரம் செய்த அம்மாவிடம் கேட்டால், "கல்யாணப் பொண்ணுங்க, ரெண்டு ஷேடாவது ஏத்திக் காட்டணும்ல? லைட் கலர்தான் இவங்க நிறத்துக்கு எடுக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

மண்டபத்தில் அப்பாயி பேத்தியைப் பார்த்துவிட்டு, "யாருடி இவ, சாம்பல்ல பொரண்டவளாட்டம்" என்றது. பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

'எடுக்கும்' என்ற சொல்லை அன்றைக்குத்தான் யோசித்தேன். எடுப்பு என்றால் உயர்ந்து தெரிவது. 'இந்த நிறம் உனக்கு எடுக்கும்' என்றால் உன்னை உயர்த்திக் காட்டும் என்று அர்த்தம். நம் விஷயத்தில் மட்டும் இது எப்படியோ 'உன் நிறத்தை மறைக்கும்' என்று ஆகிவிட்டது. கறுப்பை ஒரு குறையாக வைத்துக்கொண்டு, அதைத் திருத்துகிற வேலையாக அலங்காரத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வெளுத்த தோலைத் தமிழில் நாம் 'சிவப்பு' என்கிறோம். வெளுப்புக்கு ஒரு நல்ல நிறத்தின் பேரைக் கொடுத்துவிட்டு, கறுப்பாகப் பிறந்தவளை 'நிறம் கம்மி' என்கிறோம். நிறம் கம்மியாம்! இருக்கிற நிறத்திலேயே அடர்த்தியான நிறத்தைக் கம்மி என்று சொல்கிற கணக்கு வேறெங்கே உண்டு?

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டும் கிடையாது. அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி வெளிர் ரோஸ் நிற மெழுகுக் கட்டிக்குச் 'சதை' என்று பேர் வைத்திருந்தது, 1962இல்தான் மாற்றியது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதும் அந்த நிறத்தை 'ஸ்கின் கலர்' என்றுதான் கேட்டு வாங்குவோம். கறுத்த கையால் வாங்குவோம். கோடாக் கம்பெனி கலர் ஃபிலிமைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் ஊர் ஊராக அனுப்பியது. 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பேர். அவள் முகம் சரியாக விழுந்தால் ஃபிலிம் சரி. கறுத்த முகம் அதில் வெறும் இருட்டாக விழுந்தால் அது முகத்தின் குற்றம். பிறகு கம்பெனி ஃபிலிமைத் திருத்தியதற்கு ஒரு காரணம், சாக்லேட் செய்கிறவர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் சொன்னது. மனுஷரின் பழுப்புக்கு அந்த மதிப்பில்லை.

இங்கே 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. வெளுத்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைப்பான் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் விளம்பரம் ஓடியது. தோல் நிறத்தை வைத்து யாரையும் மட்டம் தட்டி விளம்பரம் செய்யக்கூடாது என்று விளம்பரத் தர அமைப்பு விதி எழுதியது 2014இல். 2020இல் 'ஃபேர்' போய் 'க்ளோ' ஆனது. பேர் மாறியது.

மண்டபத்தில் அந்தத் தங்கச்சிதான் அக்காளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். தேங்காயெண்ணெயைப் பஞ்சில் நனைத்து எல்லாவற்றையும் துடைத்து எடுத்தாள். துடைத்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். கடையில் நின்று நின்று கற்ற பாடம். வெளிர் நிறப் பவுடரில் டைட்டானியம் டை ஆக்சைடு, டால்க் என்று வெள்ளைச் சரக்கு நிறைய. வெளுத்த தோலில் அது கண்ணுக்குத் தெரியாது. கறுத்த தோலில் மேலே படிந்து நின்று சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். "நம்ம தோல்ல குறை இல்லக்கா, அந்தப் பவுடர்ல சுண்ணாம்பு ஜாஸ்தி" என்றாள். சுண்ணாம்பு என்று அவள் சொன்னது பேச்சுக்கு. விஷயம் சரிதான்.

பிறகு கண்மையை எடுத்து இமையில் லேசாக இழுத்து விரலால் கலைத்துவிட்டாள். இது அடித்தளம். இதன் மேல் போடுகிற நிறம் வெளுத்துப் போகாமல் தன் நிறத்திலேயே நிற்குமாம். அதன் மேல் அரக்கு. நடு இமையில் பழைய செம்புப் பானையைப் புளி போட்டு விளக்கினால் வருமே, அந்த நிறம். சேலை கத்தரிப்பூ நிறம் என்பதால் ஓரத்தில் அதையே அடர்த்தியாக வைத்தாள். டப்பாவில் என்னென்னவோ இங்கிலீஷ் பேர் இருந்தது. அவள் சேலைக் கடைப் பேரையே சொன்னாள்: அரக்கு, மாந்துளிர், மயில்கழுத்து, காப்பிக்கொட்டை, கத்தரிப்பூ. உறையூர்த் தறியில் நெய்தவர்களுக்கும் கட்டினவர்களுக்கும் தெரிந்த பேர்கள். வேண்டிய பேரெல்லாம் நம் பெட்டியிலேயே இருந்தது. யாருக்காவது உதவும் என்பதால் அவள் சொன்ன இன்னும் இரண்டையும் எழுதிவைக்கிறேன். கடையின் டியூப்லைட்டில் நிறம் பார்க்காதே, வாசலுக்கு வந்து வெயிலில் பார். புறங்கையில் தேய்த்துப் பார்க்காதே, கையின் நிறமும் இமையின் நிறமும் ஒன்றில்லை. அடர்ந்த பச்சை, மசி நீலம், செம்பு, பொன், அரக்கு, கத்தரிப்பூ எல்லாம் கறுப்பின் மேல் கறுப்போடு சேர்ந்து நிற்கும். வெள்ளை கலந்த ரோஸும் ஆகாய நீலமும் கறுப்போடு மல்லுக்கு நிற்கும்.

இமையிலிருந்து கையை எடுத்ததும் அப்பாயி மறுபடி எட்டிப் பார்த்தது. "இப்பத்தான் எம் பேத்தி" என்றது.

அமெரிக்கக் கறுப்புப் பெண்களுக்கும் இதே கதைதான். மேடை அழகிகள் தங்கள் தோலுக்கேற்ற நிறம் கடையில் கிடைக்காமல் தாங்களே கலந்து கலந்து பூசிக்கொண்டதைப் பார்த்துத்தான் யூனிஸ் ஜான்சன் 1973இல் ஃபேஷன் ஃபேர் என்று கறுப்புப் பெண்களுக்கான ஒப்பனைப் பொருட்களைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தின வருஷம் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்தது. கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து நாம் பேரை எடுத்துக்கொண்டோம், கவிதையை எடுத்துக்கொண்டோம். அந்தப் பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று கலந்த நிறத்தை நாம் கவனிக்கவில்லை.

5

அந்தக் கல்யாணத்தன்று திரும்பும்போது ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரிந்தது. எனக்கு ஒன்று உறைத்தது. கறுப்புக்கு எந்த நிறம் எடுக்கும் என்று ஆயிரம் வருஷமாகத் தெரிந்த இடம் ஒன்று இந்தத் தீவிலேயே இருக்கிறதே!

ரங்கநாதர் கறுப்பு. மூலவர் கல்லும் கிடையாது, சுதை. அதனால் நீராட்டு இல்லை. உரிய காலத்தில் தைலக்காப்புச் சாத்துகிறார்கள். அந்தக் கறுத்த உடம்பின் மேல் பொன், மாணிக்கம், முத்து, செம்பட்டு, மஞ்சள் பட்டு. விளக்கைத் தூக்கிக் காட்டுகிறபோது எது எப்படித் தெரியும் என்று அவர்களுக்கு அத்தனை நுட்பமாகத் தெரியும். ரெண்டு ஷேடு ஏற்றிக் காட்ட வேண்டும் என்று எந்த அர்ச்சகரும் நினைத்ததில்லை. கடவுள் கறுப்பாக இருந்தால் அது மேகம், கடல், நீலமணி. அந்த வீதிகளில் ஒரு பெண் கறுப்பாக இருந்தால் நிறம் கம்மி.

அந்தக் கறுப்பழகைத் தமிழில் அடியிலிருந்து கண் வரைக்கும் பார்த்துப் பாடினவர் யார்? திருப்பாணாழ்வார். இந்தப் பக்கத்து உறையூர்க்காரர். பாணர் குலம், தீண்டாக் குலம் என்று சொல்லிக் காவிரிக் கரையோடு நிறுத்தப்பட்டவர். குருபரம்பரைக் கதைப்படி, வழியில் நின்றார் என்று லோகசாரங்க முனிவர் எறிந்த கல் அவர் நெற்றியில் பட்டது. பிறகு பெருமாள் கட்டளை என்று அதே முனிவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அங்கே அவர் பாடிய பத்துப் பாட்டுத்தான் அமலனாதிபிரான். பாதத்தில் தொடங்கி ஒவ்வொரு உறுப்பாக மேலே போகிறார். எட்டாம் பாட்டில் கண்ணுக்கு வருகிறார். பத்தாம் பாட்டில், இதைப் பார்த்த தன் கண் இனி வேறொன்றைப் பார்க்காது என்று முடிக்கிறார். பாடி முடித்ததும் பெருமாளோடு கலந்துவிட்டார் என்கிறது கதை.

எம்.ஏ. படிக்கும்போது இதைப் பக்தியின் உச்சம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது வேறு மாதிரிப் படிக்கிறேன். கறுப்பு அழகு என்று சொல்ல நமக்குக் கண் இருந்தது. அந்தக் கண் தேவைப்பட்டது. ஆனால் கண்ணுக்குச் சொந்தக்காரர் கால் தரையில் படாமல் தூக்கிப் போகப்பட்டார், வெளியே நடந்து திரும்பி வரவில்லை. திரும்பி வந்து தன் தெருப் பெண்ணின் கறுப்பைப் பார்த்துப் பதினோராவது பாட்டு ஒன்று பாட அவருக்கு வாய்க்கவில்லை.

1963இல் 'நானும் ஒரு பெண்' என்று ஒரு படம் வந்தது. கறுப்பாகப் பிறந்ததால் அவமானப்படுகிற பெண்ணின் கதை. அவள் கறுப்பான கண்ணனைப் பார்த்து முறையிடுகிற பாட்டைக் கேட்டு அழாத வீடில்லை. அந்தப் பெண்ணாக நடித்தவர் விஜயகுமாரி, முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு. கறுப்பின் துக்கத்தைச் சொல்லக்கூட ஒரு கறுத்த முகம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

6

இங்கே ஒரு எச்சரிக்கை. கறுப்பு என்றால் தலித், வெளுப்பு என்றால் பார்ப்பனர் என்று எழுதுவது சுலபம். மேடையில் கைதட்டும் கிடைக்கும். ஆனால் அது பொய். 1948இல் 'தீண்டப்படாதார்' நூலில் அம்பேத்கர் மூக்களவுக் கணக்குகளை எடுத்துவைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனம் என்பதை மறுத்தார். சாதிக்கு நிறம் கிடையாது. 'கறுத்த பார்ப்பானையும் வெளுத்த பறையனையும் நம்பாதே' என்று ஒரு கேவலமான பழமொழி இருக்கிறதே, அதுவே வாக்குமூலம். பார்ப்பானிலும் கறுப்பு உண்டு, பறையரிலும் வெளுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான், அதைப் பிறப்பின் மேல் சந்தேகமாகத் திருப்புகிறது. எங்கள் தெருவில் வெளுப்பாகப் பிறந்த பிள்ளையின் அம்மா என்ன பேச்செல்லாம் கேட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நிறம் எதுவானாலும் குற்றம் நம் பக்கம்தான் வரும்படி செய்திருக்கிறார்கள்.

அதனால் 'கறுப்பே அழகு' என்று திருப்பிப் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாது. 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று ஊரில் ஆறுதலுக்குச் சொல்வார்கள். அடிப்பிடித்த சோற்றைத் தின்கிறவளுக்குச் சொல்கிற ஆறுதல் அது. சங்க இலக்கியத்தில் பெண்ணின் மாந்தளிர் நிறத்துக்கு 'மாமை' என்று பேர் உண்டு, அது அழகு. வெளிறிப் போவதுதான் பசலை, அது நோய். மை தீட்டிய கண்ணை 'உண்கண்' என்றார்கள், மையை உண்ட கண். படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எவனோ மெச்சினான் என்பது இன்றைக்கு என் முகத்துக்கு நான் காட்ட வேண்டிய சான்றிதழா? அழகாக இருப்பது என் கடமை இல்லை. கறுப்பு அழகு என்று நிரூபிப்பதும் என் கடமை இல்லை. பூசாமல் வெறும் முகத்தோடு வருகிற பெண்ணைப் பார்த்து, 'பூசிக்கொள், அதுதான் விடுதலை' என்று நான் நாளைக்குச் சொன்னால் அதுவும் இன்னொரு குழாயடிதான்.

நமக்கு வேண்டியது முகத்துக்காகப் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு வாழ்க்கை. பூ வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. அந்த வாழ்க்கை வரும்வரை, சாம்பல் பூசாமல் செம்பு பூசுவது எப்படி என்ற சின்ன அறிவை நமக்குள் கொடுத்து வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. அது புரட்சி இல்லை. கல்யாணத்தன்று ஒரு பெண் அழாமலிருப்பதும் ஒரு விஷயம்தான்.

மை எழுதும்போது கண்ணுக்கு மைக்கோல் தெரியாது என்று வள்ளுவர் காமத்துப்பாலில் சொல்கிறார். அவர் சொன்னது காதலன் குற்றம் காதலிக்குத் தெரியாமல் போவதைப் பற்றி. எனக்கு அது வேறு விதமாகப் பட்டது. இத்தனை வருஷம் என் கண்ணுக்குக் கோல் பிடித்திருந்த கை எனக்குத் தெரியவேயில்லை. அந்தக் கைதான் அன்றைக்கு அவளைக் குழாயடிக்கு அனுப்பியது.

இந்த ஏப்ரலில் நாடகத்துக்கு முன்னால் அவளிடம் அந்த எட்டுப் பேர் முன்னாடியே மன்னிப்புக் கேட்டேன். "அட போங்கக்கா" என்று சிரித்தாள். பிறகு, "எனக்கும் பூசிவிடு" என்றேன். அவளைவிட நான் கறுப்பு. என் நிறத்துக்கு எது எடுக்கும் என்று அவள் சொல்வாள் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"உங்களுக்கு எந்தக் கலருக்கா புடிக்கும்?" என்று கேட்டாள்.

முப்பது வயசு தாண்டிவிட்டது. சேலை, வளையல், ரிப்பன் என்று எத்தனையோ பேர் எத்தனையோ தடவை எனக்கு எது எடுக்கும், எது எடுக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். எது பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு உடனே பதில் வரவில்லை. பறை காய்ந்து முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.